சாரல்ல சுட்ட ஆப்பிள் சீஸ்கேக்

ஆனி மாசம் பொறந்துட்டா எங்க செங்கோட்டைல எதுவும் காயாது. கொடில போட்ட துணி மூணு நாளைக்கு ஈரமாவே தொங்கும், உப்பு ஜாடியத் தொறந்தா அடில தண்ணி நிக்கும், தீப்பெட்டிய உரசினா மருந்துதான் உதிரும். ஆரியங்காவு கணவாய் வழியா காத்து மலையத் தாண்டி வந்து ஊதிக்கிட்டே இருக்கும், கூடவே பொடிப்பொடியா சாரல். குத்தாலத்துக்கு குளிக்க வாறவங்க ஆஹா ஓஹோங்காங்க, வீட்டுல முறுக்கு சுட்டு டின்னுல வச்சிருக்கவங்கள கேட்டுப்பாருங்க என்ன சொல்லுதாங்கன்னு. காலைல மொறுமொறுன்னு இருந்தது சாயங்காலம் காபிக்கு எடுத்தா நமுத்துப் போயிருக்கும்.

இந்த மாசத்துலதான் எனக்கு புத்தி கெட்டுப் போயி ஆப்பிள் சீஸ்கேக் சுடுதேன்னு ஒத்துக்கிட்டேன்.

எல்லாம் எங்க அண்ணன் மகளால. அண்ணன் கேரளால புனலூர்ல வேலை, அங்கேயே கொட்டாரக்கரைப் பொண்ணக் கட்டிக்கிட்டு அங்கேயே இருக்கான், சீசனுக்கு மட்டும் குடும்பத்தோட இங்க வருவாங்க. மக கொச்சில ஏதோ கடைல தின்னாளாம், போன்ல போட்டோ காட்டுதா, அடில பிஸ்கட்டு, அதுக்கு மேல வெள்ளையா சீஸு, அதுக்கு மேல ஆப்பிள், உச்சில பொன்னிறமா உதிரி உதிரியா, மாவும் வெண்ணெயும் பிசிறிச் சுட்ட கிரம்பிள். "அத்தை, நீங்க கேக் எல்லாம் சுடுவீங்கல்ல, இதையும் செய்யுங்க"ன்னா. நான் சுடுறது என்னன்னா வருசத்துக்கு நாலு தடவ ஒரு பட்டர் கேக்கு, கிறிஸ்துமஸுக்கு பக்கத்து வீட்டுக்கு பிளம் கேக்கு, அவ்வளவுதான். ஆனா மருமவ கேட்டு இல்லைன்னு சொல்ல வாய் வருமா.

நாலு அடுக்கு. நாலுக்கும் நாலு குணம். பிஸ்கட்டு காஞ்சு இருக்கணும், சீஸு ஈரமா வழுவழுன்னு இருக்கணும், ஆப்பிள் நடுத்தரம், கிரம்பிள் மொறுமொறுன்னு இருக்கணும். ஒன்னோட தண்ணி இன்னொன்னுக்குள்ள போகக் கூடாது, அதுதான் இந்த கேக்கோட மொத்த கதையும், ஆனா அது எனக்கு ரெண்டு கேக்கு வீணானதுக்கு அப்புறந்தான் புரிஞ்சுது.

முதல் தடவ சிக்கனம் பார்த்தேன். அந்த வெள்ளை அடுக்குக்கு வேணுங்கற கிரீம் சீஸ் விலை யானை விலை, போதாக்குறைக்கு நான் போன அன்னைக்கு எங்க தெரு கடைலயும் இல்ல, தென்காசில நான் ஏறி இறங்கின ரெண்டு கடைலயும் இல்ல, சீஸ் ஸ்லைஸ்தான் இருந்துச்சு, அது இதுக்கு ஆகாது. சரி தயிரத் துணில கட்டி தொங்கவிட்டா அதே மாதிரிதான்னு யூடியூப்ல ஒருத்தர் சத்தியம் பண்ணாரு. கட்டினேன். அவசரத்துல மூணு மணி நேரத்துலயே அவுத்துட்டேன், அது பாதி தயிரு பாதி மோரு. ஆப்பிள பச்சையாவே சீவி மேல அடுக்கினேன், அழகா இருந்துச்சு அடுக்கும்போது. சீஸ்கேக்க வெந்நில நிக்க வச்சு சுடணும்னு சொல்லுவாங்கல்ல, அதுக்காக கழட்டி மாட்டுற டின்ன சுத்தி அலுமினிய ஃபாயில் சுத்தி, பெரிய தட்டுல வெந்நி ஊத்தி அதுக்குள்ள உக்கார வச்சேன். ஃபாயில்ல எங்கேயோ ஒரு பொத்தல். வெளிய எடுத்தா அடி பிஸ்கட்டு டீல முக்கி மறந்துபோன மேரி பிஸ்கட்டு மாதிரி கூழாகி, சீஸு திரிதிரியா, ஆப்பிள் ஒரு பக்கமா வழுக்கிக்கிட்டு, கிரம்பிள் இருந்த இடமே தெரியல. எங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்பூன் எடுத்தாரு, "நல்லாருக்கு, ஆனா இத குடிக்கணுமா திங்கணுமா"ன்னாரு. அவருக்கு அன்னைக்கு ராத்திரி பழைய சோறுதான்.

ஆச்சி இதெல்லாம் அடுக்களைப் படில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாக. எங்க ஆச்சிக்கு எம்பதுக்கு மேல வயசு, அவுக பொறந்தப்ப எங்க ஊரு திருவாங்கூர் சமஸ்தானம், அப்புறம் திருவாங்கூரும் கொச்சியும் சேந்து திரு-கொச்சி, 1956 நவம்பர் 1லதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம், அப்ப சென்னை மாநிலம்னுதான் பேரு. அதனால ஆச்சிக்கு புட்டும் தெரியும் அல்வாவும் தெரியும், ரெண்டுலயும் யாரு வாய் பேசினாலும் விடமாட்டாக.

"ஆப்பிள்ல தண்ணி இருக்கும்னு தெரியாதாட்டி ஒனக்கு? பூசணிக்காயப் பிழியாமயா காசி அல்வா கிண்டுவ?"

இது எனக்கு ஏன் தோணலன்னு தெரியல. ஆப்பிள் 100 கிராம் எடுத்தா 85 கிராம் பக்கம் தண்ணிதான், பாக்க கட்டியா இருக்குறதால நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். காசி அல்வாவுக்கு வெண்பூசணியத் துருவி பிழிஞ்சு, அந்தத் தண்ணியக் கீழ ஊத்தாம அதுலயே வேகவச்சு வத்தவிடுவோம்ல, அதே தான். அப்போ இருந்து நான் ஆப்பிள சின்னச் சின்னதா நறுக்கி, சர்க்கரையும் எலுமிச்சச் சாறும் போட்டு பிசிறி அரை மணி நேரம் வச்சிருதேன், சர்க்கரை தண்ணிய வெளிய இழுத்துரும், கிண்ணத்தோட அடில சாறு நிக்கும். அந்த சாற மட்டும் சட்டில ஊத்தி பாகு மாதிரி குறுக்கி, அப்புறம் வெண்ணெயும் ஆப்பிளும் போட்டு ஒரு ஏழெட்டு நிமிசம், கரண்டியால அடில ஒரு கோடு இழுத்தா அந்தக் கோடு உடனே மூடாம ஒரு நிமிசம் நிக்கணும். ஆறவிட்டுத்தான் கேக்கு மேல போடணும், சூடா போட்டா சீஸு இளகிரும்.

எந்த ஆப்பிள்னு கேட்டீங்கன்னா, ஆனி ஆடில வர்ற காஷ்மீர் ஆப்பிள் பெரும்பாலும் குளிர் கிடங்குல மாசக்கணக்கா கிடந்தது, அங்க அறுவடையே ஆவணிக்கு மேலதான் மும்முரமாகும். கிடங்கு ஆப்பிள கடிச்சா மாவு மாதிரி இருக்கும்ல, அத வேகவச்சா அப்படியே குழஞ்சு கூழாயிரும். அதனால பச்சை ஆப்பிள், கிரானி ஸ்மித்னு ஒட்டுப் போட்டு விக்கிறாங்களே அது, புளிப்பா கெட்டியா இருக்கும், வெந்தாலும் துண்டு துண்டா நிக்கும், சீஸோட இனிப்புக்கு அந்தப் புளிப்பு வேணும். கிடைக்கலன்னா பாதிக்குப் பாதி எந்த சிவப்பு ஆப்பிளோடயும் கலந்துக்கலாம், எலுமிச்சைய கொஞ்சம் கூடப் பிழிஞ்சுக்கணும். இந்தப் பேர ஆச்சிகிட்ட சொன்னேன், ஆஸ்திரேலியால சிட்னி பக்கத்துல மரியா ஆன் ஸ்மித்னு ஒரு பாட்டி, 1868 வாக்குல அவுக தோட்டத்துல முளைச்ச கன்னுதான் இந்த ஜாதி, தின்னுட்டு வீசின ஆப்பிள் விதைல இருந்து தானா முளைச்சதுன்னு கதை சொல்லுவாங்க, அதனால ஸ்மித் பாட்டி ஆப்பிள்னே பேராகிப் போச்சுன்னு. ஆச்சி கொஞ்ச நேரம் யோசிச்சாக. "நம்ம கொல்லைலயும் எத்தன வீசிருக்கோம், ஒரு முருங்கைய தவிர என்ன முளைச்சுது"ன்னாக.

ரெண்டாவது தடவைக்கு கிரீம் சீஸ் வந்துருச்சு, மதினி புனலூர்ல இருந்து வாங்கி அனுப்பினாங்க. அம்பது கிலோமீட்டர் பக்கம் வரணும், வெயிலே இல்லாட்டாலும் கிரீம் சீஸு கெட்டுப்போற சாமான், அதனால எங்க அண்ணன் மூளைய உபயோகிச்சு பக்கத்து மீன் கடைல ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி அதுக்குள்ள வச்சு, கொல்லம் வண்டில பதிமூணு வளைவு வச்ச கண்ணறப் பாலமெல்லாம் தாண்டி கொண்டுட்டு வந்தான். டப்பாவ ரெண்டு பிளாஸ்டிக் பைல சுத்திதான் வச்சிருந்தான், ஆனா பெட்டில அயிலை வாசம் அப்படியே இருக்கு. ஸ்டேஷன்ல இருந்து ஒரு பூனை பின்னாலயே வந்துச்சுன்னு அவன் சொல்லுதான், நான் நம்பல. ஆச்சி சைவம், பெட்டிய வாசல்லயே நிப்பாட்டி டப்பாவ மட்டும் கழுவி உள்ள விட்டாக, அதையும் ஒரு மாதிரியாத்தான் பார்த்தாக.

(கிரீம் சீஸுன்னா நம்ம பனீர் மாதிரி பழசு இல்ல. 1872ல அமெரிக்கால நியூயார்க் மாகாணத்துல செஸ்டர்ங்கற ஊர்ல வில்லியம் லாரன்ஸ்னு ஒரு பால்காரர் செய்ய ஆரம்பிச்சது, பாலோட கிரீமையும் சேத்து திரிய வச்சது. பிலடெல்பியான்னு பேர் போட்டு வருதே, அது அந்த ஊர்ல செய்யுறதால இல்ல, அந்தக் காலத்துல பிலடெல்பியா பாலுக்கும் வெண்ணெய்க்கும் பேர் போன ஊரு, அந்தப் பேரு வச்சா விக்கும்னு 1880ல வச்சாங்க. நம்ம ஊர்ல எங்க சுட்ட அல்வாவுக்கும் திருநெல்வேலி அல்வான்னு போர்டு வைக்கல?)

இந்தத் தடவ வெந்நிக்கு ஃபாயில நம்பல, கேக் டின்ன அப்படியே அதவிட ஒரு சுத்து பெரிய ஒட்டுப்போடாத டின்னுக்குள்ள வச்சு, அத வெந்நில வச்சேன். ஒரு சொட்டு உள்ள போகல. சீஸு வந்துச்சு பாருங்க, பட்டு மாதிரி, ஒரு கீறல் இல்ல. தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் 100 டிகிரிக்கு மேல போகாதுல்ல, அதனால டின்னோட ஓரம் நடுவ விட முந்திக்கிட்டு வெந்து இறுகாது, முட்டை மெதுவா சமமா வேகும். எனக்கு ஒரே பெருமை. ஆனா மேல கிரம்பிள் உப்புமா. நெசமாவே ரவா உப்புமா பதத்துல இருந்துச்சு.

வெந்நித் தட்டு வச்சா ஓவன் பூரா ஆவி, அந்த ஆவிலதான் சீஸு நல்லா வருது, அதே ஆவிலதான் கிரம்பிள் நாசமாப் போகுது. ஒன்னுக்கு ஈரச்சூடு வேணும், இன்னொன்னுக்கு காஞ்ச சூடு வேணும். ரெண்டையும் ஒரே டின்னுல வச்சு ஒரே நேரம் சுடச் சொல்லி ரெசிபி எழுதினவங்க எந்த ஊர்ல இருக்காங்களோ, கண்டிப்பா சாரல் அடிக்கிற ஊரா இருக்காது. நான் ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே இதையே யோசிச்சேன், அப்பத்தான் ஒன்னு தோணுச்சு, வெந்நில வைக்கிறதே முக்கியமா மேல விரிசல் விடக்கூடாதுன்னுதானே, அந்த மேல் பாகத்ததான் நாம ஆப்பிளாலயும் கிரம்பிளாலயும் மூடப் போறோமே? கீறல் விழுந்தா யாரு தோண்டிப் பாக்கப் போறா? வெறும் சீஸ்கேக்குக்கு வெந்நி வேணும், இதுக்கு வேண்டாம். சூட்டக் குறைச்சு பொறுமையா சுட்டா போதும். ஓரம் ஒரு விரக்கடை கொஞ்சம் கட்டியா இருக்கும், எனக்கு அது பிடிச்சுத்தான் இருக்கு.

அதனால மூணாவது தடவ செஞ்சது இப்படி. 8 இஞ்சு கழட்டுற டின்னு. 200 கிராம் பிஸ்கட்ட பொடிச்சு (மேரியே போதும், டைஜஸ்டிவ் இருந்தா இன்னும் வாசனை) 90 கிராம் உருக்கின வெண்ணெய் ஊத்திப் பிசிறி, அடில டம்ளரால அழுத்தி 170 டிகிரில பத்து நிமிசம் சுட்டு ஆறவச்சேன். இந்தப் பத்து நிமிசத்த விட்டுராதீங்க, சுடாம விட்டா பிஸ்கட்டு சீஸோட ஈரத்த எல்லாம் உறிஞ்சிரும். சீஸுக்கு 450 கிராம் கிரீம் சீஸும் 200 கிராம் தொங்கவிட்ட தயிரும். ஆமா தயிர விடல, அதோட லேசான புளிப்பு நமக்குப் பழகின ருசி, ஆனா இந்தத் தடவ ராத்திரி பூரா ஃபிரிட்ஜுக்குள்ளயே தொங்கவிட்டேன், வெளிய வச்சா புளிச்சுரும், அரைக் கிலோ தயிர் கட்டினது இருநூறு கிராம் கிட்ட நின்னுச்சு. அதுகூட 130 கிராம் சர்க்கரை, ஒன்றரை ஸ்பூன் சோளமாவு, வெனிலா, 3 முட்டை. எல்லாம் ஃபிரிட்ஜுல இருந்து எடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு, இல்லைன்னா கட்டி கட்டியா நிக்கும். முட்டைய ஒவ்வொன்னா, அதுவும் மிஷின் போடாம கையாலயே கலக்குங்க, நுரைக்க அடிச்சா காத்து ஏறி ஓவன்ல பொங்கி அப்புறம் பொத்துன்னு அமுங்கிரும்.

உள்ள நெசமாவே 150 டிகிரி இருக்குற மாதிரி வச்சேன். என் ஓவன் பொய் சொல்லும், 150ன்னு வச்சா உள்ள 170 இருக்கும், ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி உள்ள தொங்கவிட்ட அன்னைக்குத்தான் இத்தன வருசமா என் கேக்கு ஏன் அடி புடிச்சுதுன்னு தெரிஞ்சுது. முப்பது நிமிசம் சீஸு மட்டும் வெந்து மேல லேசா ஆடை புடிச்சதும் வெளிய எடுத்து ஆப்பிளப் பரப்பி மறுபடி உள்ள. முதல்லயே போட்டா ஆப்பிள் சீஸுக்குள்ள முங்கிரும், அடுக்கு அடுக்கா நிக்காது. இன்னொரு முப்பது நிமிசம். வெந்துருச்சான்னு குச்சி விட்டுக் குத்திப் பாக்காதீங்க, டின்ன லேசா தட்டுங்க, ஓரம் அசையாம நடுவுல மட்டும் உறைஞ்ச தயிர்ச் சட்டிய ஆட்டினா ஆடுமே அப்படி ஆடணும். எடுத்துராம அடுப்ப அணைச்சு கதவ கொஞ்சமா தொறந்து ஒரு மணி நேரம் அதுக்குள்ளயே ஆறட்டும். அப்புறம் ஃபிரிட்ஜுல ராத்திரி முழுக்க.

கிரம்பிள தனியா சுட்டேன். 100 கிராம் மைதா, 70 கிராம் வெண்ணெய் ஃபிரிட்ஜுல இருந்து நேரா எடுத்தது, 60 கிராம் நாட்டுச்சக்கரை, ஒரு கை ஓட்ஸ், கொல்லத்து முந்திரி ஒன்னுரெண்டா ஒடச்சு ஒரு கை, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. பட்டைன்னு நம்ம கடைல கிடைக்கிறது பெரும்பாலும் கேசியாங்கற தடிச்ச ரகம், வாசனை முரட்டுத்தனமா இருக்கும், கால் ஸ்பூன் போதும். வெண்ணெய விரல் நுனியால மாவோட தேய்க்கணும், உள்ளங்கை பட்டா உருகிரும். பதம் என்னன்னு எனக்கு எழுதத் தெரியல, ஆச்சி எட்டிப் பார்த்துட்டு "புட்டு மாவுல்லா"ன்னாக. அதேதான், பிடிச்சா பிடிக்கணும், உதுத்தா உதிரணும். தட்டுல பரப்பி 180 டிகிரில நடுவுல ஒரு தடவ கிளறிவிட்டு பதினெட்டு நிமிசம். சூடா இருக்கும்போது மெத்துனுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுப்பு வரும், அதனால பயந்து கருக்க விட்டுராதீங்க, எங்க மதினி போன்லயே "ஒந்நும் பேடிக்கண்டா"ன்னு மூணு தடவ சொன்னாங்க.

ஆறின உடனே முறுக்கு டின்னுல அடைச்சு, அடில வறுத்த அரிசிய துணில முடிஞ்சு போட்டு, மூடிய அமுக்கி வச்சுட்டேன். இந்த அரிசி முடிச்சு ஆச்சியோடது, சாரலுக்கு எங்க வீட்டு முறுக்கு டின்னு எல்லாத்துலயும் இருக்கும், ஈரத்த அது இழுத்துக்கும். சர்க்கரை போட்ட பண்டம் காத்துல இருக்க ஈரத்த சும்மா விடாது, உறிஞ்சிரும், கிரம்பிள கேக்கு மேல தூவி ஃபிரிட்ஜுல வச்சீங்கன்னா மறுநாள் அதுவும் நமுத்த முறுக்குதான். தட்டுல வெட்டி வச்சதுக்கு அப்புறம் தூவுங்க, அதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடிகூட வேண்டாம்.

நடுவுல கரண்டும் ஒரு தடவ போச்சு, நல்லவேளை கேக்கு ஓவனுக்குள்ள ஆறிக்கிட்டு இருந்த நேரம்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் பழைய குத்தாலத்துல குளிச்சுட்டு ஈரத்தலையோட பசியா வந்தாங்க. கத்திய வெந்நில முக்கித் தொடச்சு வெட்டினேன், நாலு அடுக்கும் தனித்தனியா கோடு போட்ட மாதிரி நின்னுச்சு, மேல கிரம்பிள் தூவும்போது கலகலன்னு சத்தம் கேட்டுச்சு, அந்தச் சத்தத்துக்காகத்தான் மூணு வாரம் மல்லுக்கட்டினேன். மேல ஆப்பிளுக்கு அடில ஒரு பெரிய விரிசல் இருந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல, இப்ப நான் எழுதித்தான் அண்ணனுக்கே தெரியப் போகுது. மருமவ வாயில வச்சுட்டு கண்ண மூடிக்கிட்டா, கொச்சிக் கடைய விட நல்லாருக்குன்னு சொன்னா. அடுத்த துண்டு கேட்டு வாங்கினா, அதனால நெசமாத்தான் இருக்கும்.

ஆச்சி முட்டை தொடமாட்டாக, அவுகளுக்குன்னு எவர்சில்வர் கிண்ணத்துல அடில சுட்ட பிஸ்கட்டு, மேல ஆப்பிள், அதுக்கு மேல ரெண்டு கை கிரம்பிள் போட்டுக் குடுத்தேன். சீஸு இல்லாம. ஜன்னல் பக்கம் உக்காந்து சாரலப் பார்த்துக்கிட்டே கிண்ணத்த வழிச்சுத் தின்னாக, பல்செட்ட கழட்டாம மொறுக்குமொறுக்குன்னு. பாதில மருமவ அவுக பக்கத்துல போயி உக்காந்து ஒரு வாய் வாங்கித் தின்னா, அப்புறம் இன்னொரு வாய், அப்புறம் தன்னோட தட்ட கீழ வச்சுட்டா.

ஆச்சி என்னப் பார்த்து கேட்டாக, "இதுவே இப்படி இருக்கும்போது அந்த மீன் பெட்டில வந்த வெண்ணெய் என்னத்துக்குட்டி?"